சின்னம்மாவின் ஜாஸ்

இலுப்பூர் டீக்கடையில் யாருடைய போனிலோ பியானோ ஒலித்தது. எனக்கு அந்துருண்டை வாசம் வந்தது.

ஆவூரில் சின்னம்மா பியானோவைத் திறந்தாலே அந்த வாசம்தான் எழும். அவர் பியானோ, சித்தப்பா டிரம்ஸ், ஆரோக்கியம் மாமா பேஸ் கிட்டார் என மூவரும் ஜாஸ் வாசித்தார்கள்.

ஒரு கல்யாணத்துக்குப் பியானோவை டெம்போவில் ஏற்றிப் போனோம். பாதி வாசிப்பில் மாப்பிள்ளையின் அப்பா மேடையேறினார்.

"சினிமாப் பாட்டு வாசிங்க. இல்லாட்டி எறங்குங்க."

"இத முடிச்சிட்டுத்தாங்க எறங்குவோம்," என்றார் சின்னம்மா.

அந்த மனிதர் கரண்ட்டை நிறுத்தினார். கிட்டார் ஊமையானது. மாமா தன் பகுதியை வாயாலேயே பாடினார். முடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

பிறகு கல்யாணங்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. ஞாயிறுதோறும் வீட்டுச் சன்னல்களைத் திறந்துவைத்து வாசித்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த அந்தத் தெருவின் பெண்கள் நாங்கள் மூவர் இப்போது ஊர் ஊராக ஜாஸ் வாசிக்கிறோம். பிடிக்காதவர்கள் எழுந்து போகிறார்கள். நாங்கள் நிறுத்துவதில்லை.