பூனை திரும்பிப் பார்க்காத வேர்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் கோலா சிலாங்கூர் தோட்டங்களில் நாற்பது வருடம் புல்லுக்கு மருந்தடித்து, சொந்தமாகக் குத்தகை எடுத்து, புக்கிட் பெலிம்பிங்கில் கல்வீடு கட்டினேன். எனக்குத் தெரியாத செடியே கிடையாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மழையில் என் மனைவிக்குக் காலில் அரிப்பு. இனிப்பு நீர் உள்ளவள், புண் வந்தால் ஆறாது. வேலியோரம் குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, இலையை அப்படியே வைத்துத் தேய்த்தேன். காய்த்துப்போன என் கைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

“ஏங்க, நெருப்பா எரியுதுங்க!”

“எரிஞ்சாதான் மருந்து புடிக்குதுன்னு அர்த்தம். பேசாம இரு.” இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

பத்து நிமிடத்தில் முழங்கால்வரை தடித்து வீங்கியது. இதே நோயில் கால் எடுக்கப்பட்டவர்களின் முகங்கள் கண்முன் வந்தன. கார்ச் சாவியைத் தேடினேன். அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மேரியம்மா மீதிச் செடியைப் பார்த்தார்.

“அண்ணே, இது ஜெலாத்தாங் லா, சுணைச் செடி! பட்டா தடிச்சிடும். குப்பைமேனி வேருன்னா பூனை விடுமா? மோந்ததும் கிறங்கி உருளுமே!”

வேரைத் தன் பூனைமுன் போட்டார். அது மோந்துவிட்டுப் போய்விட்டது.

கிளினிக்கில் ஊசி போட்டபின், மாலையில் வீக்கம் வடிந்தது. மூன்று நாள் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, புண்ணாகவில்லை.

“இனிமே பூனைகிட்ட கேட்டுட்டு வைத்தியம் பாருங்க” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செடியை யாரும் மாற்றி எடுத்துவிடலாம். எரிகிறது என்று அவள் சொன்னபோதே நான் கையை எடுத்திருக்க வேண்டும்.