தரையில் உட்கார்ந்தேன், எழ முடியவில்லை

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேங்கிக்காலில் மகன் புது வீடு கட்டியதிலிருந்து, மருமகள் என்னை ஒரு வேலையும் செய்ய விடமாட்டாள். "நீங்க சேர்ல உக்காருங்கம்மா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பாள். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. முட்டிவலி இல்லாதபோதே தொழுகையைக்கூட நாற்காலியில்தான் தொழுதேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மதியம் மருமகள் கடைக்குப் போயிருந்தாள். எட்டு மாதப் பேரன் கட்டிலில் தூங்கினான். கீழே கிடந்த கிலுகிலுப்பையை எடுக்கத் தரையில் உட்கார்ந்தேன். திரும்ப எழ முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தேன், சுவரைப் பிடித்துப் பார்த்தேன், கால் கேட்கவே இல்லை. அதற்குள் பிள்ளை விழித்து, கட்டில் ஓரத்துக்கு உருண்டு வந்துவிட்டான். உட்கார்ந்தபடியே நகர்ந்துபோய், இரண்டு கையையும் தூக்கி அவனைத் தடுத்தேன். விளையாட்டென்று நினைத்து என் கையைத் தள்ளித் தள்ளிச் சிரித்தான். சத்தம் போட்டே பழகாதவள், "செல்வி, செல்வி" என்று அழுதேன்.

பக்கத்து வீட்டுச் செல்வி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். "இவ்ளோ மெதுவா கூப்டா எப்டிம்மா? பூனை கத்துதுன்னு நெனச்சிட்டேன்" என்றாள். என்னைத் தூக்க இன்னொருத்தியையும் கூப்பிட வேண்டியிருந்தது. வெட்கத்தில் குன்றிப்போனேன்.

இப்போது தினமும் காலையும் மாலையும் கட்டிலைப் பிடித்து ஐந்து தடவை உட்கார்ந்து எழுகிறேன். இன்னும் பிடிக்காமல் முடியவில்லை. உங்களுக்கு முடிகிறதென்றால் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

பேரனும் அதே கட்டிலைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகுகிறான். நேற்று கையை விட்டுவிட்டு நின்றான். நான் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.