திறப்பு விழாவுக்குக் காத்திருந்த நெல்

மணலூர்பேட்டைப் பக்கம் அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குத் தராசு வந்தாயிற்று, சாக்கு வந்தாயிற்று, எடை போடும் ஊழியரும் வந்துவிட்டார். ஆனால் திறக்கவில்லை. முதல் மூட்டையை ஆளும் கட்சிக்காரர் கையால் தராசில் வைத்துக் கற்பூரம் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது யார் கை என்று அந்தக் கட்சியிலேயே இரண்டு பேர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

நானும் என் கணவரும் குத்தகை நிலத்து நெல்லை நிலைய வாசலில் கொட்டிக் காவல் இருந்தோம். இந்த நெல் போனால் குத்தகை கட்ட வழியில்லை; நிலமும் கைவிட்டுப் போகும். கல்வராயன் மலைப்பக்கம் கறுக்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

"எடைய போடுங்களேன். பூசைய அப்பறமா வச்சிக்கட்டும்" என்று ஊழியரிடம் கேட்டேன்.

"போட்டா நாளைக்கே என்னைத் தூக்கி அடிச்சிருவாங்கம்மா."

"மழை அவுங்களக் கேட்டுக்கினா வரும்?" என்றேன். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் பறக்காமல் கல்லை வைத்தோம், போதாதென்று நாங்களும் ஏறி உட்கார்ந்தோம். தண்ணீர் அடியால் புகுந்தது. அப்புறம் தூறல் விட்டபாடில்லை. பிரித்துக் காயவைக்க வெயிலும் இல்லை.

மழை விட்ட அன்று தேர்தல் தேதியை அறிவித்தார்கள். "இனிமே கட்சிக்காரங்க யாரும் தொறக்கக் கூடாதுங்க" என்று ஊழியர் சந்தோஷமாகவே சொல்லி, கற்பூரம் இல்லாமல் தராசை இழுத்துப் போட்டார். எங்கள் குவியலின் அடியில் கையை விட்டவர் முகம் மாறிவிட்டது. அள்ளிய நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை.

"இத எடுக்க முடியாதும்மா" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஓட்டுக் கேட்க அந்த இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒலிபெருக்கி வளர்ச்சி, வளர்ச்சி என்றது. நாங்கள் நடவு முடித்துக் கரையேறினோம். அதே நிலம்தான். குத்தகை வேறொருவருக்குப் போய்விட்டது, எங்களுக்குக் கூலி.

"இன்னாண்ணே, நடவா?" என்றார் அவர்களில் ஒருவர்.

யாரிடமும் குரல் உயர்த்தாத என் கணவர் சேற்றுக் கையோடு அந்த ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கும் இப்பிடி ஒரே வண்டியில வந்திருக்கலாமேங்க" என்றார்.