இருபத்தைந்துக்கு நாலு

சொல்லக் கூசுகிறது. சப்பான்காரன் ஆண்ட காலத்தில் ரப்பர் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களின் பேச்சுத்திறனுக்கு மார்க் போட்டவன் நான். அளவுகோலும் என் கண்டுபிடிப்புதான். சத்தம், தெளிவு, கையசைவு, முகபாவம், பேசிய நேரம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து. நேரம் கூடினால் மார்க்கும் கூடும். அப்போது வயது இருபத்தாறு, நிறையப் புத்தகம் படித்திருந்தேன் என்பதைத் தவிர வேறு சமாதானம் கிடையாது.

குளுவாங்கில் கல்வி அலுவலகத்தில் எனக்குக் கிராணி வேலை, குமாஸ்தா மாதிரி. மேலிடத்து உத்தரவைத் தோட்டத்து ஜனங்கள் காதில் ஏற்றத் தெரியாத தலைமையாசிரியர் எதற்கு என்று எங்கள் சப்பானிய அதிகாரிக்குத் தோன்றிவிட்டது. பத்துக்குக் கீழே வாங்கினால் வேலை போகும். வேலையில்லாத ஆம்பிளையைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள்; போனவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கோடு போட்ட தாளோடு சைக்கிளில் கிளம்பினேன்.

சோதனை சின்னது. பள்ளித் தோட்டத்தில் நட, மறுநாள் பிள்ளைகள் ஆளுக்கொரு மரவள்ளிக் குச்சி கொண்டுவர வேண்டும். அதைத் தலைமையாசிரியர் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தலைமையாசிரியர் அரைமணி நேரம் முழங்கினார். மறுநாள் வந்த குச்சிகள் இரண்டு. ஒன்று அவர் மகன் கொண்டுவந்தது. என் தாளில் குச்சிக்குக் கட்டம் இல்லை. இருபத்துமூன்று போட்டேன்.

லாயாங் லாயாங் தோட்டத்துத் தலைமையாசிரியர் ஐம்பது வயது ஒல்லி மனிதர். பெரட்டில் ஓரமாக நின்றார், வாயைத் திறக்கவில்லை. ஜனங்கள் கலைந்ததும் ஆயாக்கொட்டகைக்கு நடந்தார். பால்வெட்டப் போகும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. அங்கிருந்த ஆயாவிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான். நாலு போட்டேன், அதுவும் பரிதாபப்பட்டு.

மறுநாள் காலையில் குச்சி இல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒரு சிறுமி தன்னைவிட உயரமானதை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எப்படிங்க ஐயா?" என்றேன்.

"பெரட்டுல கங்காணி கத்துறதக் கேட்டுக் கேட்டு அங்க யாரும் காது குடுக்கிறதில்ல தம்பி. பிள்ளைய எடுக்க வர்ற தாய் ஆயாகிட்ட நின்னு பேசாம போகமாட்டா." பிறகு என் தாளைப் பார்த்தார். "நாலுங்களா?"

நான் தாளை மடித்தேன்.

"வீட்ல அஞ்சு பேருங்க" என்றார்.

அவர் வகுப்புக்குள் போனதும் நாலுக்கு முன்னால் ஒரு இரண்டு போட்டேன். அலுவலகத்தில் அதிகாரி அந்த இரண்டையே வெகுநேரம் பார்த்தார். மற்ற எண்களைவிட அது கொஞ்சம் கறுப்பாக இருந்தது.

"நன்றாகப் பேசுகிறாரா?"

"சொன்னது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது" என்றேன். முத்திரை விழுந்தது.

அடுத்த வாரம், வேலைக்கு ஆபத்தில்லை என்று சொல்ல நானே லாயாங் லாயாங்குக்குப் போனேன். உயிரைக் காப்பாற்றியவன் நடக்கிற நடை நடந்தேன். வாத்தியார் பள்ளியில் இல்லை. கொட்டகையில் ஆயாதான் இருந்தார். விஷயத்தை விளக்கமாகச் சொன்னேன். குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"அலமாக், கிராணிக்குப் பேச வருதே! அன்னிக்கு ரெண்டு நாளும் வாயத் தொறக்காம எழுதிக்கிட்டே இருந்தீங்களா, பாவம் ஊமைன்னு தோட்டம் பூரா சொல்லிவச்சிட்டேன்."