ஒரு கைக்கு மட்டும் எடுத்த படம்

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். யார் எதைச் சொன்னாலும் சந்தேகப்பட்டு, பிலிமை மட்டும் நம்புகிற புத்தி எனக்கு. அந்தப் புத்தி என்னைக் கவிழ்த்த கதை இது.

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரி. ராஜபாளையத்து மில் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் பதிமூன்று வயது மகளோடும் வந்தார். பிள்ளைக்கு வலது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஸ்கூல் பி.டி. மாஸ்டர் கையை முறுக்கின பொறவுதான் இப்படி," என்றாள் தாய்.

"முறுக்கினதுதான்னு சர்ட்டிபிகேட் குடுங்க சார். புகார் எழுதிக் கையிலயே வச்சிருக்கேன். அவன் வேலையைக் காலி பண்ணாம விடமாட்டேன்," என்றார் தகப்பன். அவர் இழுத்து வந்திருந்த மாஸ்டர் வெளியே பெஞ்சில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

வலது கைக்குப் படம் எடுத்தேன். எலும்பின் நுனி சரிந்திருந்தது. பழைய முறிவு கோணலாகக் கூடியிருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். டாக்டர் பார்க்குமுன்பே டீக்கடையில் போய், "முறுக்கினது உண்மைதாம்ப்பா, பிலிம்லயே தெரியுது," என்று அளந்தேன்.

டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். "முறிஞ்ச தடமே இல்லையேய்யா. மத்த கைப் படம் எங்க?"

எடுக்கவில்லை. வலிக்கிற கைக்கு மட்டும் எடுப்பது என் வழக்கம்.

இடது கையை வைத்ததும் பிள்ளை நடுங்கினாள். தாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "வளையல் நிழல் விழும்மா, மேல தள்ளிக்கோங்க."

"சுமங்கலி சார். வளையலைத் தொடமாட்டேன்."

"கழட்டவா சொன்னேன்? தள்ளத்தானே சொல்றேன்."

அழுதுகொண்டே தள்ளினாள். தாயின் கையிலும் அதே மேடு.

"இது கீழ விழுந்ததுல வந்ததுன்னு எங்க வீட்டுக்காரவுககிட்ட சொல்லி வச்சிருக்கேன் சார். பிறவின்னு தெரிஞ்சா, மறைச்சுக் கட்டிவச்சாருன்னு எங்கப்பாவைக் கேவலமா பேசுவாக."

"மாஸ்டர் வாலிபால் சொல்லிக் குடுக்கைல கையைப் பிடிச்சாரு, அம்புட்டுத்தான்," என்றாள் பிள்ளை.

இடது கைப் படத்திலும் அதே சரிவு. டாக்டர் தகப்பனைக் கூப்பிட்டு, "இது மேடலங் டிஃபார்மிட்டி, மணிக்கட்டு எலும்புக் கோணல். பிறவியிலயே உள்ளது, வளருற வயசுலதான் வெளிய தெரியும். யாரு முறுக்கியும் வராது," என்றார். தகப்பன் மனைவியின் கையிலிருந்த மேட்டையே பார்த்தார். புகாரைக் கிழித்துப் போட்டார்.

மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளைக்குக் கை சரியாகுமா சார்?" என்றுதான் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதுரையில் பிள்ளையின் எலும்பை வெட்டி நிமிர்த்தி பிளேட் வைத்தார்கள். கையை முழுதாகத் திருப்ப வரவில்லை, ஆனால் வலி போனது.

டீக்கடைக்குப் போய், நான் சொன்னது தப்பு என்றேன். "மாஸ்டர் உங்களை நல்லா கவனிச்சிட்டாரோ?" என்று சிரித்தார்கள். எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளா, இரண்டு கைக்கும் படம் எடுங்கள். டாக்டர் பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். குற்றமே இல்லாத அந்த மாஸ்டர், ஊர் வாய்க்குப் பயந்து அந்த வருஷமே மாற்றல் வாங்கிப் போய்விட்டார்.