கிரேஸ் டீச்சரும் மூன்று சேலைகளும்

போடிமெட்டில் பேருந்து நின்றிருந்தபோது செய்தி வந்தது. கிரேஸ் டீச்சர் காலையில் மூணாறு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். எங்கள் எஸ்டேட் பள்ளியில் என் பக்கத்து வகுப்பை எடுத்தவர். 'அந்தச் சேலை விஷயத்தைப் பிள்ளைகளிடம் அவர் இன்னும் சொல்லலையே' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவரை அறிந்தவர்களுக்கு அது தப்பாகத் தெரியாது.

ஆறாம் வகுப்புக்கு அவர் ஒரு சிறுவர் நாவலை வாசித்துக்காட்டி வந்தார். போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் காட்டு வழியே நடந்து வருகிறது. புறப்படும்போது அம்மா மூன்று சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொள்கிறாள். வந்து சேரும்போது ஒன்றுதான் இருக்கிறது. ஏன் என்று நாவலில் இல்லை. குளிருக்குத்தான் கட்டினாள், வழியில் கிழிந்துபோயிருக்கும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். சட்டைக்குமேல் சட்டை, அதற்குமேல் கம்பளி என்று தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகும் ஊரில் வேறு என்ன தோன்றும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஒரு போர் வரலாற்று நூலை வாசித்துவிட்டு வந்து என் மேஜையைத் தட்டினார். "சார், அவங்க நடந்தது வேனக்காலத்துல. அங்கிட்டு என்ன குளிரு?"

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "உங்க வீட்டுல பர்மாலருந்து வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். போதகரே நழுவ ஆரம்பித்தார்.

கடைசியில் போடியில் ஒரு பெரியவர் கிடைத்தார். சின்ன வயதில் அந்த வழியே நடந்து வந்தவர். நானும் உடன் போயிருந்தேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"மூட்டையா தூக்க முடியாதுன்னு எங்கம்மாவும் அப்படித்தான் கட்டிக்கிட்டா. வழியில புதைக்க நேரம் ஏதும்மா? ஒண்ண அவுத்துத் தங்கச்சி மேல போத்துனா. பெறகு தம்பி மேல ஒண்ணு. நாங்க நடந்துட்டோம்."

நாவலிலும் இரண்டு சின்னக் குழந்தைகள் பாதிக்குமேல் வருவதில்லை. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

திரும்பும்போது சண்டை. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார்கள் என்றேன். "தப்பாச் சொல்லிக் குடுத்தது நானு. நானே திருத்தாட்டி எப்படி சார்?" என்றார். எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சுவலி வந்துவிட்டது.

அடக்கம் முடிந்தபின் அவர் வகுப்பு எனக்கு வந்தது. "அந்தச் சேலை குளிருக்காக இல்லை" என்று தொடங்கினேன். பிறகு நாவலை எடுத்துப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சிறுமி எழுந்தாள். "சின்னதுக ரெண்டும் செத்துப்போச்சுன்னு எங்களுக்குத் தெரியும் சார். டீச்சர் அழுதுருவாங்கன்னுதான் கேக்கல."

அதைக் கேட்க அவர் இல்லை. சேலைகள் என்ன ஆயின என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற அவருடைய தவிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது.