வலக்கைப் பக்கத்து அறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சரியாக எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு கையில் பிடித்தது பால்மரம் வெட்டும் உளி. எழுத்து கோணலாகப் போனாலும், நடந்தது முன்பின்னாக வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். மறந்ததும் நிறைய இருக்கும். ஆனால் எங்கள் தோட்டத்து ஆட்களில் உல்லாசக் கப்பல் ஏறிப் போய்வந்த முதல் ஆள் நான்தான். அதை நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?

எங்கள் தோட்டம் லிங்கியிலிருந்து உள்ளே நாலு மைல். அங்கே இருபத்தாறு வருஷம் மரம் வெட்டினேன். மலை உச்சியில் கடைசி மர நிரை என்னுடையது. அடுத்த நிரை செல்லம்மாவுடையது. உச்சியில் ஓரிடத்தில் மரங்களுக்கு நடுவே பாய் அகலத்துக்குக் கடல் தெரியும். வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் இறங்கும்வரை அங்கே நின்று ரொட்டி தின்போம். கப்பல்கள் எறும்பு மாதிரிப் போகும்.

"அங்கேருந்து பார்த்தா நம்ம மலை தெரியுமாடி?" என்று செல்லம்மா கேட்பாள்.

"மலை தெரியும். நாம தெரிய மாட்டோம்" என்பேன். அந்தப் பதில் அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

வேலையை விட்ட பிறகு நான் சிரம்பானில் என் மகள் வசந்தா வீட்டுக்கு வந்துவிட்டேன். வசந்தா தாதி. செல்லம்மா தோட்டத்திலேயே மகன் வீட்டில் இருந்துகொண்டு மலையில் ஆடு மேய்க்கிறாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் புதிதாக ஒரு கப்பலைப் பற்றிச் சொல்வாள். வெள்ளைக் கப்பலாம். லயத்து வரிசை வீடுகளை ஒன்றுமேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி இருக்குமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூரத்தில் சிங்கப்பூர்ப் பக்கம் போகும், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் திரும்பி வரும் என்றாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் வசந்தாவுக்கு வேலையில் உயர்வு கிடைத்தது. வார்டுக்கே அவள்தான் தலைவி. "மா, உங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போகணும். இந்தியாவா, கேமரன் மலையா?" என்று கேட்டாள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அந்த வெள்ளைக் கப்பல்ல" என்றேன்.

செல்லம்மாவிடம் போய்ச் சொன்னதும் அவள் ஆட்டுக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீ ஏறு பாக்கியம். நீ திரும்பி வர்ற ஞாயித்துக்கிழமை நான் மலையில நெருப்புப் போடுறேன். நீ அங்கேருந்து புகையப் பாரு."

"இலையப் போட்டுடாத புள்ள. வெள்ளப் புகை பனியோட கலந்துடும். ஒட்டுப்பால் போடு."

"யாருக்குச் சொல்லிக் குடுக்கிற? நானும் இருபத்தாறு வருஷம் வெட்டுனவதான்லா! நீ செவப்புச் சேலையக் காட்டு, அது போதும்."

மரத்திலும் மங்கிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பால்தான் ஒட்டுப்பால். அது எரிந்தால் கருகருவென்று புகை எழும். மைல் கணக்கில் தெரியும். அவளிடம் வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு சாக்கு இருந்தது.

இந்த ஏற்பாட்டை நான் வசந்தாவிடம் சொல்லவில்லை. அறுபத்து நாலு வயதில் புகை போட்டு விளையாடப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

சிரம்பானில் கப்பல் டிக்கெட் விற்கும் கடைக்குப் போனோம். சீனப் பெண் ஒருத்தி கப்பலின் படத்தை மேசையில் விரித்தாள். வசந்தாவிடம் ஆங்கிலம், என்னிடம் மலாய். "பால்கனி" என்ற சொல் எனக்குப் புரியவில்லை. "ரூமுக்குச் சொந்தமா ஓர் அஞ்சடி மா" என்றாள் வசந்தா. லயத்து வீட்டுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடித் தாழ்வாரம், கடைக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி எல்லாம் தெரியும். கடலைப் பார்த்த அஞ்சடி என்றதும் மனசு குளிர்ந்தது.

அந்த அறைகளில் மூன்று வகை. மேல்தட்டில் பெரிய அஞ்சடி, கண்ணாடித் தடுப்பு, சாய்ந்து படுக்க நாற்காலி: இரண்டு பேருக்கு 980 வெள்ளி. நடுத்தட்டில் சின்ன அஞ்சடி, இரும்புக் கம்பி, சாதா நாற்காலி இரண்டு: 720 வெள்ளி. அதற்கும் கீழே 590 வெள்ளிக்கு ஒன்று. அதில் அஞ்சடிக்கு எதிரிலேயே உயிர்காக்கும் படகைத் தொங்கவிட்டிருப்பார்கள். வானம் தெரியும், கரை தெரியாது.

வசந்தா மேல்தட்டில் விரலை வைத்தாள். அதில் இடப்பக்கம் மட்டும்தான் காலி என்றாள் அந்தப் பெண்.

நான் மனசுக்குள் நிரை பிடித்துப் பார்த்தேன். மலையில் ஒரு நிரையில் வெட்டிக்கொண்டே போகும்போது பள்ளம் இடக்கைப் பக்கம் இருக்கும். அடுத்த நிரையில் திரும்பும்போது அதே பள்ளம் வலக்கைப் பக்கம் வந்துவிடும். கிள்ளானிலிருந்து சிங்கப்பூர் போகும்போது நம் கரை இடக்கை. திரும்பி வரும்போது வலக்கை. செல்லம்மா புகை போடுவது திரும்பி வரும் காலையில்.

"மக்சிக் மாவு யாங் மானா?" எனக்கு எது வேண்டும் என்று அந்தப் பெண் என்னையே கேட்டாள்.

லயத்தில் வீடு கொடுத்தது ஆபீஸ் கிராணி. நிரை கொடுத்தது வேலை வாங்கும் மண்டோர். மாப்பிள்ளை பார்த்தது அப்பா. எது வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

"கானான்" என்றேன். வலக்கைப் பக்கம். நடுத்தட்டைத் தொட்டுக் காட்டினேன்.

வசந்தாவின் முகம் சுருங்கிப்போனது. "மேல் மாடி வாங்கித் தரேங்கிறேன், நீங்க நடுவுல போய் நிக்கிறீங்க. காசப் பார்க்கிறீங்களா?"

"காசு இல்லம்மா. வலக்கைப் பக்கம் வேணும்."

"ரெண்டு பக்கமும் கடல்தான் மா!"

"அப்ப வலக்கைப் பக்கமே எடேன்."

சீனப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்துவிட்டாள். வசந்தா சிரிக்கவில்லை. 720 வெள்ளி கொடுத்தாள். மகள் ஆசையாக வாங்கித் தந்த பெரியதை வேண்டாம் என்றுவிட்டேனே என்று எனக்கும் உறுத்தியது. ஆனாலும் கேட்டு வாங்கியதை மாற்ற மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை 9 மணி. சிரம்பானிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு வாடகைக் கார், அறுபது மைலுக்கு மேல். ஓட்டியவர் தம்பின் ஊர்க்காரர்.

"கப்பல்ல சோறு கெடைக்குமாக்கா, ரொட்டிதானா?"

"கெடைக்கலேன்னா இதோ இருக்கு" என்று மடியில் இருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் காட்டினேன். கப்பலில் ஐந்து வகைச் சோறு இருந்தது. அந்தப் பொட்டலத்தையும் நாங்கள் வீணாக்கவில்லை.

பகல் 2 மணி. கப்பல் புறப்பட்டது. அறைக்குள் இரண்டு கட்டில், வெள்ளை விரிப்பு, முகம் பார்க்கலாம் போலக் குளியலறை. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் அஞ்சடி. அடிவைத்து அளந்தேன். நீளம் ஒன்பது அடி, அகலம் நாலரை. அஞ்சடிக்கு அரையடி குறைச்சல். அதனால் என்ன? கம்பியைப் பிடித்து நின்றேன். ஆறாவது மாடி. கீழே தண்ணீர் வெட்டுப்பட்டு இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒதுங்கியது.

சாயங்காலம் 5 மணி. எங்கள் பக்கம் வெறும் கடல். வசந்தா மேல்தட்டுக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். "போர்டிக்சன், வெளிச்சவீடு எல்லாம் அந்தப் பக்கம் தெரியுது. எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க. நான் அப்பவே சொன்னேன்லமா?"

"ஞாயித்துக்கிழமை பாரு" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

சாயங்காலம் 7 மணி. சாப்பாட்டு மேசையில் எங்களோடு சிரம்பான்காரர்களான ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். அவர் ரயில்வேயில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல்தட்டில் இடப்பக்கத்து அறை. கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்கியது.

"அஞ்சரை மணிபோல ஒரு புகை கண்டனான்" என்றார். "லிங்கி ஆத்து வாய்க்கு மேல, ஒரு மலையில. சரியான கறுப்பு. ஆரோ டயர் கொளுத்துகினம்போல."

பெரிய மனிதர்கள் பேசும்போது நான் வாய் திறப்பவள் இல்லை. ஆனால் அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது.

"டயர் இல்லீங்கய்யா. ஒட்டுப்பால்."

"அதெப்பிடி அம்மா தெரியும்?"

வசந்தாவும் என்னைத்தான் பார்த்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மலை, செல்லம்மா, புகை, சிவப்புச் சேலை, வலக்கைப் பக்கம். பெரியவரின் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வசந்தா சிரிக்கவில்லை.

"இதை அந்தக் கடையிலயே சொல்லியிருக்கலாம்லமா?"

"சொன்னா நீ சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டு வலது பக்கமே எடுத்திருப்பேன்."

செல்லம்மா நாளை மாற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமை கப்பல் ஏறுகிறேன் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே கொளுத்திவிட்டாள். நான் அந்த நேரம் மறுபக்கம் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே சாக்கு.

"யோசியாதேங்கோ" என்றார் பெரியவர். "ஞாயிறு காலமை எங்கட பக்கம் வெறுங்கடல். நாங்கள் உங்கட அறைக்கு வாறம். கண்ணாடியும் கொண்டுவாறன்."

மேல்தட்டுக்காரர்கள் நடுத்தட்டுக்கு வருகிறோம் என்று சொன்னது எனக்கு அந்தக் கவலையிலும் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை. பகல் முழுக்கச் சிங்கப்பூர். பெரிய கடைகள், சுத்தமான சாலைகள், கோயில். வசந்தா எனக்குச் செருப்பு வாங்கித் தந்தாள். எழுத நிறைய இருக்கிறது. என் நினைப்பெல்லாம் அந்தச் சாக்கில் இருந்ததால் அதிகம் ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி. குளித்து, சிவப்புச் சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அஞ்சடியில் உட்கார்ந்தேன். கரை எங்கள் பக்கம் இருந்தது. நிரைக் கணக்கு தப்பவில்லை. இருட்டில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்று, விளக்கைத் தலையில் கட்டி மரம் வெட்டிய காலத்தில் விடியும்போது என் முகம் மரத்துக்குத்தான் நேராக இருக்கும். சூரியன் எழும்புவதை முதுகில்தான் உணர்ந்திருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் காப்பியோடு, நேருக்கு நேராகப் பார்த்தேன்.

7 மணிக்குப் பெரியவரும் மனைவியும் வந்தார்கள். நாலரை அடி அகலத்தில் நான்கு பேர். 7.20க்கு ஆற்று வாய் தெரிந்தது. அதற்கு மேலே மலை. இருபத்தாறு வருஷம் நான் ஏறி இறங்கிய மலை, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரிச் சின்னதாக இருந்தது. 7.30. ஒன்றுமில்லை. 7.35. பெரியவர் கண்ணாடியை இறக்கி, துடைத்து, மறுபடி வைத்தார். மலை மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போது வசந்தா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மா! ஒட்டுப்பால்மா!"

மலை உச்சியில் கறுப்பாக ஒரு கோடு. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. நேராக எழும்பி, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் சேலையை உதறினேன். காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. வசந்தா மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகச் சேர்ந்து வீசினோம். பக்கத்து அஞ்சடியில் நின்ற வெள்ளைக்காரர், என்ன விசேஷம் என்று கேட்டார். வசந்தா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். வேலை செய்யும் இடத்தில் தோட்டத்துப் பெண் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறவள் அவள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அது எங்க தோட்டம், எங்கம்மா வெட்டுன மலைன்னு சொன்னேன்" என்றாள்.

பகல் 12 மணிக்குக் கிள்ளானில் இறங்கினோம். இறங்கும்போது பெரியவரின் மனைவி, "அடுத்த முறை நாங்களும் வலப்பக்கம்தான் எடுப்பம்" என்றார். இப்போது தெரிந்தவர்கள் யாராவது அந்தக் கப்பலில் போவதாக இருந்தால், எந்த அறை நல்லது என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். பெரியதா சின்னதா என்று பார்க்காதீர்கள், எதைப் பார்க்கப் போகிறீர்கள், போகும்போதா வரும்போதா என்று யோசியுங்கள் என்று சொல்கிறேன்.

மறுவாரம் தோட்டத்துக்குப் போனேன். செல்லம்மா ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளை மாத்திட்டியேடி" என்றேன்.

"யாரு மாத்துனா? சாக்க ரெண்டாப் பிரிச்சேன். நீ போறப்பப் பார்ப்பியா, வரப்பப் பார்ப்பியா, எந்தப் பக்கம் ஒக்காந்திருப்பியோ, எனக்கென்ன தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை ஏன் அவ்வளவு நேரமாச்சு?"

"பனியில நனைஞ்சி கெடந்துச்சு, பத்த மாட்டேன்னுச்சு. மண்ணெண்ணெ ஊத்துனேன்." பிறகு குழையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "செவப்பு தெரிஞ்சிச்சுடி. நடு மாடியில, வலக்கோடியில. நாம தெரிய மாட்டோம்னு இத்தன வருஷம் சொன்னியே!"

நான் எழுதியதில் அறையின் விலையும் மாடி எண்ணும் சரியா, லிங்கி ஆற்று வாய் தெரிந்தது 7.20க்குத்தானா என்பதை விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொடுங்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த மலையிலிருந்து கப்பல் போகும் பாதை பத்து மைலுக்குக் குறையாது என்கிறார் பெரியவர். பத்து மைலுக்கு ஒரு சிவப்புச் சேலை தெரியுமா என்று கணக்குத் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள். தெரியும் என்றால் எழுதிப் போடுங்கள், செல்லம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். தெரியாது என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.